8 பேர்ச் காணியில் ஆறு பேருக்கு ஒரு வீடு: படத்தில் எதை மாற்றலாம், எதை விடக் கூடாது

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், 33 அடி அகலமும் 66 அடி ஆழமும் கொண்ட காணி. தெற்குப் பார்த்த வாசல். பழைய வீட்டை இடித்துவிட்டு இரண்டு தளத்தில் புதிதாகக் கட்டப் போகிறீர்கள். குடியிருக்கப் போவது நீங்கள் இருவர், 14 வயது மகள், 9 வயது மகன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்ட மாமா, மாமி. படவரைஞர் 3,000 சதுர அடியில் ஒரு படம் தந்திருக்கிறார். கீழே இரு தள உயரத்துக்குத் திறந்த ஹோல், சாப்பாட்டு இடம், சமையலறை, ஒரு சின்ன விருந்தினர் அறை, ஒரு குளியலறை. மேலே நான்கு படுக்கையறை, நான்கு குளியலறை. வாஸ்து பார்த்தவர் சமையலறை தென்கிழக்கில் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். “இந்தப் படத்தைக் கட்டலாமா?” என்கிறீர்கள்.

கட்டலாமா என்பதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் வேண்டுமானால், வேண்டாம். ஆனால் உங்கள் கேள்வியின் அடியில் இன்னொரு கேள்வி கிடக்கிறது. ஆளுக்கொரு குறை சொல்கிறார்கள், எந்தக் குறைக்காகப் படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், எதைப் பொறுத்துக்கொண்டு போகலாம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கே பதில் எழுதுகிறேன். நான் கட்டடக் கலைஞர். கொழும்பிலும் தெஹிவளை, வத்தளைப் பக்கமும் நெடுங்காலமாக வீடுகளுக்குப் படம் வரைந்து வருகிறேன். கட்டமைப்புப் பொறியியலாளர் இல்லை என்பதால் தூண், அத்திவாரம் பற்றி அதிகம் பேச மாட்டேன். உங்கள் காணியை நான் பார்த்ததில்லை. ஆகவே பக்கத்து வீடுகளின் உயரம், ஒழுங்கையின் அகலம் ஆகியவற்றைப் பொறுத்துக் கீழே சொல்வதில் சில மாறக்கூடும்; எவை மாறும் என்பதை அந்தந்த இடத்தில் குறிப்பிடுகிறேன்.

ஒரு வீட்டில் பெரும்பாலான விடயங்களைப் பிறகு மாற்றலாம். தரைக்குப் போட்ட மாபிளை மாற்றலாம், பேன்ட்றி அலுமாரியைக் கழற்றி மறுபடி பூட்டலாம், நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த தைப்பொங்கலுக்கு வேறு நிறம் பூசலாம். மாற்ற முடியாதவை கொஞ்சம்தான்: காணியில் எவ்வளவு வெற்றிடம் விட்டீர்கள், காற்று எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகிறது, மாடிப்படி எங்கே நிற்கிறது, தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் எந்தச் சுவர் வழியாக இறங்குகின்றன, முதியவர்கள் எந்தத் தளத்தில் படுக்கிறார்கள். இவை ஐந்தும் கொங்கிறீட் போட்ட அன்றே முடிந்துபோகின்றன. உங்கள் வீட்டில் இப்போது நடக்கும் வாக்குவாதங்களில் பாதிக்குமேல் பிறகு மாற்றக்கூடிய விடயங்களைப் பற்றியவை என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

முதலில் வெற்றிடம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. உங்கள் காணி 2,178 சதுர அடி. குடியிருப்பு வீடுகளுக்குக் காணியில் 65 சதவீதத்தை மூடலாம் என்பதே இங்கே நெடுநாளாகப் புழங்கி வரும் அடிப்படை அளவு. அப்படிப் பார்த்தால் தரைத்தளம் ஏறத்தாழ 1,415 சதுர அடியைத் தாண்டக் கூடாது. உங்கள் படத்தில் 1,550 இருக்கிறது, அதாவது 71 சதவீதம். பின்பக்கம் குறைந்தது 2.3 மீற்றர், ஏறக்குறைய ஏழரை அடி, திறந்தவெளியாக விட வேண்டும். அதைப் படவரைஞர் விட்டிருக்கிறார், நல்லது. முன்பக்கத்தில் எவ்வளவு விட வேண்டும் என்பது உங்கள் ஒழுங்கைக்குக் குறிக்கப்பட்டிருக்கும் வீதிக்கோட்டையும் (வீதிக்கென்று ஒதுக்கிய எல்லை) கட்டட எல்லைக் கோட்டையும் (அதைத் தாண்டிக் கட்ட முடியாத கோடு) பொறுத்தது. அதை ஊகிக்கக் கூடாது. நில அளவைப் படத்தை எடுத்துக்கொண்டு கொழும்பு மாநகர சபைக்குப் போய் எழுத்தில் வாங்குங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிகள் வலயத்துக்கு வலயம் வேறுபடுவதால், உங்கள் காணி இலக்கத்துக்கு இன்று பொருந்தும் அளவுகளையும் அப்போதே கேட்டுவிடலாம். ஒழுங்கையை அகலமாக்கும் திட்டம் ஒன்று பழைய கோப்பில் இருந்து, முன்மதிலிலிருந்து சில அடி போய்விடும் என்று தெரியவந்தால் படம் முழுவதும் மாறும். படம் வரைந்த பிறகு இதை விசாரிப்பவர்களே அதிகம். வரைவதற்கு முன் விசாரித்தால் ஒரு மாதமாவது மிச்சப்படும்.

இரண்டாவது, காற்று. உங்கள் படத்தின் மிகப் பெரிய குறை இதுதான், ஆனால் யாரும் அதைச் சொல்லவில்லை. வீடு கிழக்கு மதிலிலிருந்து மேற்கு மதில் வரை முழு அகலத்துக்கும் பரவி நிற்கிறது. எல்லையில் எழுப்பும் சுவரில் யன்னல் வைக்க முடியாது. விதியும் விடாது, பக்கத்து வீட்டாரும் விட மாட்டார்கள். எனவே யன்னல் வைக்கக்கூடிய பக்கங்கள் முன்னும் பின்னும் மட்டுமே. நடுவில் மாட்டிக்கொண்ட சாப்பாட்டு இடத்துக்கும் விருந்தினர் அறைக்கும் பகலிலேயே மின்குமிழ் எரிய வேண்டும். ‘ஏசி போட்டுக்கொள்ளலாம்’ என்று படவரைஞர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு அமுலானதை இந்த நகரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த நாட்களில் எந்த வீட்டில் இருக்க முடிந்தது, எந்த வீட்டிலிருந்து ஆட்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். வீட்டுப் படத்தை மதிப்பிட அதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியாது.

கொழும்பில் வெயிலைவிட ஈரப்பதம்தான் ஆளை வாட்டுகிறது. நிழலில் இருந்தாலும் காற்று அசையாவிட்டால் வியர்வை உலராது. காற்று அசைய வேண்டுமானால் ஓர் அறைக்கு வரும் வழியும் போகும் வழியும் வேண்டும். ஒரே சுவரில் இரண்டு பெரிய யன்னல் வைப்பதைவிட எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு சிறிய யன்னல் வைப்பது மேல். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும் திசைக்கு உங்கள் முன்வாசல் ஏறக்குறைய முகம் காட்டுகிறது. ‘தெற்கு வாசல்’ என்று கவலைப்படுகிறீர்கள். காற்றைப் பொறுத்தவரை அது உங்களுக்குக் கிடைத்த வரம். முன்னால் நுழையும் காற்று நடுவில் எங்காவது மேலே எழும்பிப் போக வழி இருந்தால் வீடு முழுவதும் இழுபடும். அதற்காகவே உள்முற்றம். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் மாமாவும் மாமியும் இதை அனுபவித்திருப்பார்கள். அவர்களிடம் விளக்கவே தேவையில்லை. கொழும்பின் நெருக்கத்திலும் இது நடக்கும் என்பதை இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் அல்ஃபிரட் பிளேசில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டில் காட்டினார். வெளியே மதில், உள்ளே முற்றத்தைச் சுற்றி வாழ்க்கை. பகத்தலை வீதிப் பக்கமுள்ள 33ஆம் ஒழுங்கையில் அவருடைய சொந்த வீடும் வரிசையாக நின்ற சின்ன வீடுகளை ஒன்றாக்கி, இடையிடையே வானத்துக்குத் திறந்த சிறு வெளிகளை விட்டு உருவானதுதான். அவருடைய அழகுணர்ச்சிக்கு நாம் ஆசைப்பட வேண்டியதில்லை. திறந்தவெளியை வெளியே விட இடமில்லாத காணியில் அதை உள்ளே விட வேண்டும் என்ற கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

உங்கள் காணியில் கிழக்கு மதிலை ஒட்டி, வீட்டின் நடுப்பகுதியில் 9 அடிக்கு 12 அடியில் ஒரு முற்றம் வையுங்கள். 8 அடிக்குக் குறைவாகப் போனால் இரண்டு தள உயரத்தில் அது வெளிச்சம் மட்டும் தரும் குழியாகிவிடும், காற்றுக்கு உதவாது. மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக் தகடோ போட்டு மூடாதீர்கள். கட்டி முடித்த கையோடு ‘மழை வருகிறது’ என்று மூடுபவர்கள் இருக்கிறார்கள். மூடிய அன்றே முற்றம் வெப்பப் பெட்டியாகிறது. மழை உள்ளே வரத்தான் செய்யும். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் ஊர் இது. முற்றத்தின் தரை வீட்டுத் தரையைவிட அரையடியாவது தாழ்ந்திருக்க வேண்டும், சுற்றிலும் 3 அடி இறவாணம் வேண்டும், தண்ணீர் ஓட இரண்டு வழி வேண்டும். ஒன்று இலையால் அடைபட்டாலும் மற்றது காப்பாற்றும். பாதுகாப்புக்கு மேலே கம்பிச் சட்டம் போடலாம், காற்றுக்கு அது தடையில்லை.

நுளம்பு வருமே என்பீர்கள். திறந்த முற்றத்தைவிட டெங்கு நுளம்புக்குப் பிடித்த இடம் கொழும்பில் வேறு இருக்கிறது: கூரை ஓரத்துத் தட்டையான கொங்கிறீட் பீலி. முகப்பு அழகாகத் தெரிய வேண்டும் என்று கூரையை மதில்போல மறைத்து, அதன் பின்னால் பீலி ஓட்டுகிறார்கள். சாய்வு போதாமல் தண்ணீர் தேங்குகிறது, யாரும் ஏறிப் பார்ப்பதில்லை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போதுதான் தெரியவருகிறது. உங்கள் படத்தின் முகப்பிலும் அதே பீலி இருக்கிறது. எடுத்துவிட்டுக் கூரையை வெளியே நீட்டுங்கள். தென்மேற்கு மழை முன்பக்க யன்னல்களில்தான் அடிக்கும். மூன்றரை அடி இறவாணம் இருந்தால் மழை நேரத்திலும் யன்னலைத் திறந்து வைக்கலாம். முகப்புக்காக இறவாணத்தை வெட்டிய வீடுகளில், மழை பெய்யும் குளிர்ந்த பொழுதில் யன்னலைச் சாத்திவிட்டு உள்ளே வேர்த்துக்கொண்டிருப்பார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வீட்டுப் பெட்டி வடிவ முகப்பைப் பார்த்துவிட்டு வருபவர்களிடம் எடுபடுவதில்லை.

வெயிலைப் பற்றி உங்கள் இடத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். காலி வீதி வடக்குத் தெற்காக ஓடுவதால் வெள்ளவத்தை ஒழுங்கைகள் கிழக்கு மேற்காக இறங்குகின்றன. ஒழுங்கையின் இருபக்க வீடுகளும் வடக்கையோ தெற்கையோ பார்க்கின்றன. கொழும்பில் சூரியன் ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டெம்பர் முதல் வாரத்திலும் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகலில் சற்று வடக்கே, மற்ற மாதங்களில் தெற்கே. இரண்டு நிலையிலும் உயரத்தில் நிற்பதால் வடக்கு, தெற்கு யன்னல்களை இறவாணம் எளிதாகக் காக்கும். பிற்பகல் வெயில் தாழ்ந்து அடிக்கும் மேற்குச் சுவரை எந்த இறவாணமும் காக்காது. பக்கத்து வீடு இரண்டு மாடியாக இருந்தால் அதன் நிழல் உங்களுக்குக் கிடைக்கும். ஒற்றைத் தள வீடாக இருந்தால் மேல்தளத்து மேற்குச் சுவர் மாலை வரை சூடேறி, இரவு படுக்கும் நேரத்தில் அந்தச் சூட்டைத் திருப்பித் தரும். எனவே மேற்கில் மாடிப்படி, குளியலறை, உடுப்பு அலுமாரி ஆகியவற்றை அடுக்குங்கள். தலைமாட்டை அங்கே வைக்காதீர்கள். உங்கள் படத்தில் மகளின் கட்டில் அந்தச் சுவரோடுதான் வரையப்பட்டிருக்கிறது.

இனி மாமா, மாமியின் அறை. மேல்தளத்தில் பால்கனியோடு பெரிய அறையை அவர்களுக்கு ஒதுக்கியிருப்பது மரியாதையாகத்தான். இன்று இருவரும் படியேறுகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வீடு கட்டி முடிக்க இரண்டு ஆண்டு, அதன்பின் பத்து ஆண்டு என்று கணக்குப் போடுங்கள். முழங்கால் வலி வந்த நாளிலிருந்து ஒரு முதியவர் மேலேயே தங்கிவிடுகிறார். சாப்பாடு மேலே போகிறது, பேச்சுத் துணை கீழே இருந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் முற்றமும் படலையும் தெருவுமாக இருந்தவர்களுக்கு இது சிறைபோல ஆகிவிடும். அவர்கள் அறை கீழேதான் இருக்க வேண்டும். இந்த ஒரு விடயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மற்ற எல்லாவற்றையும் நீங்கள் நிராகரித்தாலும் இதைச் செய்யுங்கள்.

எங்கே என்றால், பின்புறம் வடகிழக்கு மூலையில். வடக்குச் சுவரில் பின்வெளியை நோக்கி ஒரு யன்னல், தெற்குச் சுவரில் உள்முற்றத்தை நோக்கி இன்னொன்று. காற்று நேராகப் போகும், ஒழுங்கைச் சத்தமும் வராது. உள்ளளவு 12 அடிக்கு 13 அடி இருக்கட்டும். இரண்டு தனிக்கட்டில் போட்டு நடுவில் ஆள் நிற்க வேண்டும், ஒருநாள் சக்கர நாற்காலி திரும்பவும் வேண்டும். கதவு 3 அடி அகலம். குளியலறைக் கதவையும் அதே அகலத்தில் வைத்து, வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாட்டுங்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்நோக்கித் திறக்கும் கதவை அவருடைய உடலே தடுத்துவிடும். வாசற்படி மேடு வேண்டாம். தண்ணீர் வெளியே வராமல் தரையைச் சாய்த்தால் போதும். கைபிடிக் கம்பியை இன்றே பூட்ட வேண்டியதில்லை, ஆனால் அது வரப்போகும் இடத்தில் சுவரைத் திண்ணமாகக் கட்டச் சொல்லுங்கள். படத்தில் இருக்கும் 9 அடிக்கு 10 அடி விருந்தினர் அறையை நீக்கினால் இதற்கு இடம் தானாக வரும். லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வரும் விருந்தினர் ஆண்டுக்குச் சில வாரம் தங்குவார்கள். அவர்களுக்கென்று ஓர் அறையைப் பூட்டி வைப்பதைவிட, மேல்தளத்தில் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் விரித்துப் படுக்கும் சோபா ஒன்றைப் போட்டு, கதவு வைத்துவிடலாம்.

மாடிப்படியை ஹோலின் நடுவில் வளைத்து வரைந்திருக்கிறார். பார்க்க எடுப்பாக இருக்கும். தளத்துக்குத் தளம் 10 அடி என்றால் ஏழு அங்குலப் படியாக 17 படி வரும். மிதிக்கும் அகலம் 10 அங்குலமாவது வேண்டும். நடுவில் திரும்பும் சாதாரணப் படிக்கட்டு ஏறத்தாழ ஆறரைக்குப் பத்து அடிக்குள் அடங்கிவிடும். வளைந்த படி அதைப்போல இரண்டு மடங்கு இடத்தை விழுங்குவதோடு, உட்பக்கத்தில் மிதிக்க இடமில்லாமல் குறுகிப் போகும். மேற்குச் சுவரோடு, ஹோலைத் தாண்டாமல், வாசலுக்கு அருகே இந்தச் சாதாரணப் படிக்கட்டை வையுங்கள். வாசலருகே என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போன பிறகு மேல்தளத்தைத் தனி வீடாக்கி வாடகைக்கு விடவோ, மகளுக்கோ மகனுக்கோ கொடுக்கவோ நேரலாம். படிக்கட்டு வாசலருகே இருந்தால் ஒரு சுவரும் ஒரு கதவும் போதும். வீட்டின் நடுவில் இருந்தால் அது ஒருபோதும் நடக்காது. வெள்ளவத்தையில் காணி விற்கும் விலைக்கு, இந்த வாய்ப்பைத் திறந்து வைப்பது பெரிய சொத்து. மூன்றாவது தளம் பற்றிய எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே பொறியியலாளரிடம் சொல்ல வேண்டும். தூணும் அத்திவாரமும் அதற்கேற்பக் கணக்கிடப்பட வேண்டியவை. எண்ணம் இல்லையென்றால் மேலே வெறும் கொங்கிறீட் தட்டு வேண்டாம். அது பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் படுக்கையறைகளுக்குள் இறக்கும். சாய்வான ஓட்டுக் கூரையும் அதன்கீழ் வெப்பத்தடுப்பும் போதும்.

சமையலறைக்கு வருகிறேன். வாஸ்துவை நம்புவதா என்பது உங்கள் வீட்டு விடயம். அதன் பலன்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்டதை இந்தக் காணியில் அப்படியே செய்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லலாம். தெற்குப் பார்த்த வீட்டில் தென்கிழக்கு என்பது முன்பக்க மூலை. சமையலறை அங்கே வந்தால் வாகனம் மேற்குப் பக்கம் போகும், தென்மேல் காற்று நுழைய வேண்டிய ஹோல் பின்னுக்குத் தள்ளப்படும், மீன் கழுவிய தண்ணீரும் குப்பை வாளியும் வாசலருகே வரும். வாஸ்து பார்ப்பவர்களே தென்கிழக்குக்கு அடுத்தபடியாக வடமேற்கைச் சமையலறைக்கு ஏற்பதுண்டு. உங்கள் காணியில் வடமேற்கு என்பது பின்பக்கத்து மூலை. நான் எந்தச் சாத்திரமும் பார்க்காமல் வரைந்தாலும் சமையலறையை அங்கேதான் வைப்பேன். உங்கள் ஆலோசகரிடம் இதைக் கேளுங்கள், ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். சாமி அறையை வடகிழக்குப் பக்கமாக, முற்றத்தை ஒட்டி வைத்தால் மாமிக்குக் காலையில் நாலடி நடை. அதற்கு நேர் மேலே குளியலறை வராமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறை ஒன்று போதுமா? நம் சமையலுக்குப் போதாது. தேங்காய் துருவுவதும் மீன் வெட்டுவதும் கருவாடு பொரிப்பதும் பளபளக்கும் பேன்ட்றியில் நடப்பதில்லை. நடக்கும் என்று நினைத்துக் கட்டியவர்கள் பின்வெளியில் தகரம் இறக்கி இரண்டாவது குசினி வைத்திருக்கிறார்கள், அதுவும் விதியால் திறந்திருக்க வேண்டிய இடத்தில். உள்ளே 9 அடிக்கு 10 அடிச் சமையலறை, அதன் பின்னால் 5 அடி அகலத்தில் கூரையிட்ட குசினி என்று, இரண்டையும் அனுமதிக்கப்பட்ட பரப்புக்குள்ளேயே வரைந்துவிடுங்கள். எரிவாயுச் சிலிண்டர் வெளியே, காற்றோட்டமான கூட்டுக்குள் இருக்க வேண்டும். 2021 இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் நடந்த எரிவாயு வெடிப்புகளுக்குப் பிறகு இதை யாருக்கும் வற்புறுத்த வேண்டியதில்லை என்று நினைத்தேன். இன்னும் அடுப்புக்குக் கீழே அலுமாரிக்குள் வரைகிறார்கள்.

ஐந்து குளியலறை அதிகம். கீழே ஒன்று முதியவர்களுக்கு, இன்னொரு சின்னக் கழிப்பறை வருபவர்களுக்கு. மேலே உங்களுக்கு ஒன்று, பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக ஒன்று. சதுர அடிக் கணக்கில் வீட்டிலேயே செலவு கூடிய இடம் குளியலறைதான், பிற்காலத்தில் முதலில் கசிவதும் அதுதான். மேல்தளத்துக் குளியலறைகளை இயன்றவரை கீழ்த்தளத்துக் குளியலறைக்கோ கழிப்பறைக்கோ மேலேயே நிறுத்தினால், கசிந்தாலும் சாப்பாட்டு மேசையில் சொட்டாது. படுக்கையறைகள் மூன்றும் எண்ணிக்கையில் போதும், ஆனால் அளவைக் காகிதத்தில் நம்பாதீர்கள். அலுமாரிக்கு 2 அடி, அதன் முன் நடக்க இரண்டரை, கட்டிலுக்கு 5, மறுபக்கம் 2. பதினொன்றரை அடி ஆகிவிட்டது. படத்தில் ‘11 அடி’ என்று எழுதியிருப்பது சுவரின் நடுக்கோட்டிலிருந்து அளந்ததா, பூச்சு முடிந்த உள்ளளவா என்று கேளுங்கள். மகனின் அறையில் அலுமாரிக் கதவு திறக்காது என்பது என் ஊகம்.

இரு தள உயர ஹோல் பற்றி உங்கள் கணவருக்கு ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். உயரம் கூடினால் குளிர்ச்சி என்பது பாதி உண்மை. மேலே ஏறிய சூடான காற்று வெளியேற உச்சியில் வழி வைத்தால் உதவும். உங்கள் படத்தில் அங்கே திறக்காத கண்ணாடிதான் இருக்கிறது. கீழே தொலைக்காட்சி ஓடினால் மேலே படிக்கும் பிள்ளைக்குக் கேட்கும், விசிறியைத் துடைக்கச் சாரம் கட்ட வேண்டும், மேலே 200 சதுர அடி போய்விடும். முற்றம் வந்துவிட்டால் அந்த உயரம் தரும் விசாலம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. இரண்டும் வேண்டும் என்றால் காணி இடம் கொடுக்காது, முற்றத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கடலுக்கு அருகே என்பதால் உப்புக்காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரும்பு யன்னல் கம்பிகள் சில ஆண்டிலேயே துருவேறும். மரமோ தரமான பூச்சிட்ட அலுமினியமோ நல்லது. கொங்கிறீட்டுக்குள் கம்பிக்கு வெளியே எவ்வளவு தடிப்பு விட வேண்டும் என்பதைப் பொறியியலாளர் கடற்கரைக்கு ஏற்றபடி குறித்துத் தரட்டும். மேசன் பாஸ் ‘இவ்வளவு போதும் ஐயா’ என்று சொல்வதைக் கேட்க வேண்டாம்.

இத்தனையும் செய்தால் வீடு 3,000 சதுர அடியிலிருந்து ஏறத்தாழ 2,300க்கு இறங்கும். கீழே 1,250, மேலே 1,050. ஆறு பேருக்கு அது குறைவில்லை. மிச்சமாகும் பணம் நல்ல கூரைக்கும் யன்னலுக்கும் போகட்டும்.

அடுத்த படம் வரைவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா 1950களில் கண்டி வட்டப்புளுவ வீடமைப்பை வடிவமைத்தபோது, குடியேறப் போகிறவர்களிடமே அவர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன வேண்டும் என்று கேட்டறிந்து வரைந்தார். உங்கள் வீட்டில் ஆறு பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: காலை ஐந்தரையிலிருந்து ஏழரை வரை நீ எங்கே நிற்கிறாய், யாருக்காகக் காத்திருக்கிறாய்? உடுப்பு எங்கே காயும்? மழை நாளில் எங்கே? பள்ளிப்பையும் செருப்பும் எங்கே விழும்? இரவில் யார் கடைசியாகப் படுப்பார், யார் முதலில் எழும்புவார்? மாமியிடம் கேட்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம், பேரப்பிள்ளை கேட்கட்டும். உங்களிடம் ‘எனக்கென்ன, எதுவும் போதும்’ என்றுதான் சொல்வார். அந்தப் பதில்களோடு படவரைஞரிடம் போனால் அவருக்கும் வேலை எளிது. ஒரு கட்டடக் கலைஞரிடம் ஆலோசனைக் கட்டணம் மட்டும் கொடுத்து ஒருமுறை படத்தைத் திருத்தி வாங்கவும் முடியும். முழுப் பொறுப்பையும் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இடிப்பதற்கு முன் பழைய வீட்டின் ஹோல் தரையில் புதிய சமையலறையையும் மாமா, மாமியின் அறையையும் சோக்கட்டியால் உண்மை அளவில் வரைந்து, கட்டில் அலுமாரிகளை அதற்குள் தள்ளிப் பாருங்கள். திருத்திய படம் கிடைத்ததும் இரண்டு தளங்களையும் வடக்குத் திசைக் குறியோடும், இரு பக்கத்து வீடுகளும் எத்தனை மாடி என்ற விபரத்தோடும் இங்கே இடுங்கள். மேல்தளத்து யன்னல்களைப் பற்றி அப்போதுதான் திட்டமாகச் சொல்ல முடியும்.